பலகைக்கு நேராக நிற்கும் வண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரயில் ஓட்டுவது பற்றி இம்முறை வந்த கேள்விகள் பலவும் ஒரே இடத்தைச் சுற்றியே இருக்கின்றன: ஓடிவரும் வண்டியை நடைமேடையில் குறித்த இடத்தில் டிரைவர் எப்படி நிறுத்துகிறார்? அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறோம்.

கேள்வி: நடைமேடை ஓரத்தில் 6, 9, 12 என்று எண் மட்டும் எழுதிய சின்னப் பலகைகள் இருக்கின்றன. அவை பயணிகளுக்கா, டிரைவருக்கா?

பதில்: டிரைவருக்கு. எண் குறிப்பது பெட்டிகளின் எண்ணிக்கையை. 9 பெட்டி வண்டியை ஓட்டி வருபவர் 9 என்ற பலகையில் நிறுத்த வேண்டும். ஒரு பெட்டி சுமார் 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 9 பெட்டி 180 மீட்டர், 12 பெட்டி 240 மீட்டர். இரண்டுக்கும் 60 மீட்டர் வித்தியாசம் இருப்பதால்தான் ஒரே நடைமேடையில் இத்தனை பலகைகள். எண்ணுக்குப் பதில் எழுத்து வைத்திருக்கும் இடங்களும் உண்டு. ஜெர்மனியில் கறுப்புப் பலகையில் வெள்ளை எச். நியூயார்க் சுரங்க ரயிலில் எஸ் என்று இருந்தால், எத்தனை பெட்டி வண்டியானாலும் அங்கேதான் நிற்க வேண்டும்.

பலகைக்கு நேராக வரவேண்டியது வண்டியின் மூக்கு அல்ல. பெரும்பாலும் டிரைவர் உட்கார்ந்திருக்கும் இடம்தான் கணக்கு. கடைசிச் சில மீட்டரில் பலகை முன் கண்ணாடியை விட்டு நழுவி, ஓரத் தூணைத் தாண்டி, பக்கவாட்டு ஜன்னலுக்குள் வரும். அது தோளுக்கு நேராக வரும்போது சக்கரம் நின்றிருக்க வேண்டும். பலகை வண்டியை ஒட்டி இருந்தால் சிக்கல் இல்லை. சற்றுத் தள்ளி நட்டிருந்தால், இருக்கையில் முன்னால் சாய்ந்து பார்ப்பதற்கும் நிமிர்ந்து பார்ப்பதற்கும் இடையில் அரை மீட்டர் மாறிப்போகும். அதனால் பழகிய டிரைவர்கள் நிலையத்துக்குள் வரும்போது உட்காரும் நிலையை மாற்ற மாட்டார்கள்.

கேள்வி: வண்டி முழுவதும் நடைமேடைக்குள் இருந்தால் போதாதா? அந்த ஒரு இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று ஏன் பிடிவாதம்?

பதில்: பலகையின் இடத்தைத் தீர்மானிப்பவை பல. கடைசிப் பெட்டியின் கடைசிக் கதவு நடைமேடைக்குள் வந்திருக்க வேண்டும் என்பது முதலாவது. புறப்பாட்டு சிக்னல் டிரைவர் கண்ணில் படவேண்டும் என்பது அடுத்தது. அதன் அடியிலேயே போய் நின்றுவிட்டால், தலையை வளைத்தாலும் விளக்கு தெரியாது. டிரைவர் ஒருவரே கதவையும் கவனிக்கும் பாதைகளில், நடைமேடையில் உள்ள கண்ணாடியோ கேமரா திரையோ அவர் இருக்கைக்குப் பொருந்தும் கோணத்தில் வைக்கப்பட்டிருக்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் பின்பக்கக் கதவுகள் திரையில் தெரியாது.

வெளியே தெரியாத காரணம் ஒன்றும் இருக்கிறது. வண்டி எந்தப் பகுதியில் நிற்கிறது என்பதைத் தண்டவாளத்தில் ஓடும் மெல்லிய மின்சாரத்தை வைத்தே சிக்னல் அமைப்பு அறிகிறது. வால் பகுதி பின்னால் உள்ள பாதைப் பிரிவைத் தாண்டாமல் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பிரிவு வண்டி நிற்கும் இடமாகவே காட்டும். அடுத்த வண்டிக்குப் பாதை கிடைக்காது. பத்து மீட்டர் முன்னால் வராமல் நின்ற ஒரு வண்டி பின்னால் ஒரு வரிசையையே நிறுத்தி வைத்துவிடும்.

கேள்வி: இருநூறு மீட்டர் நீளம், நூற்றுக்கணக்கான டன் எடை. ஒரே அடியில் பலகைக்கு நேராக எப்படி நிறுத்த முடிகிறது? கண் அளவா, கணக்கா?

பதில்: இரண்டும்தான். ஆனால் பலரும் நினைப்பதுபோலப் பலகையைப் பார்த்துப் பிரேக் போடுவதில்லை. பிரேக் தொடங்கும் இடத்தில் பலகை சரியாகக் கண்ணுக்கே தெரியாது. வண்டி எங்கே நிற்கும் என்பது நடைமேடைக்குள் நுழைவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. பலகை கடைசி இருபது மீட்டருக்கு மட்டுமே பயன்படுகிறது.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் மின்சாரப் புறநகர் வண்டியை எடுத்துக்கொள்வோம். நின்றுகொண்டிருப்பவர்கள் தடுமாறாத அளவு பிரேக் என்பது ஒவ்வொரு விநாடியும் வண்டியின் வேகம் விநாடிக்கு 0.7 மீட்டர் குறைவது. அப்படிப் பிடித்தால் நிற்க 198 மீட்டர் வேண்டும். 63 கி.மீ. வேகத்தில் வந்தால் அதே பிரேக்குக்கு 219 மீட்டர். வேகத்தில் மூன்று கிலோமீட்டர் கூடியதற்கே ஒரு பெட்டி நீளம் கூடிவிடுகிறது. நிற்கும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதுதான் காரணம். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. ஆகவே துல்லியமாக நிறுத்துவதன் முதல் படி, பிரேக் தொடங்கும் புள்ளிக்கு ஒவ்வொரு நாளும் ஒரே வேகத்தில் வந்து சேர்வது. புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்கள் பிரேக் கைப்பிடியிலேயே கவனம் வைத்து இதை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, அடையாளம். ஒவ்வொரு நிலையத்துக்கும் டிரைவர் மனதில் ஒரு புள்ளி வைத்திருப்பார். ஒரு மின்கம்பம், ஒரு பாலத்தின் விளிம்பு, ஒரு சிக்னல். மரமும் கடைப் பலகையும் உதவாது, அவை நாளை இல்லாமல் போகலாம். இரவிலும் மழையிலும் தெரிகிற, நகராத பொருளாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் பிரேக் தொடங்கும்.

மூன்றாவது, வழியில் சரிபார்ப்பது. மேலே சொன்ன அளவில் பிரேக் பிடித்து வரும் வண்டிக்குப் பலகை 100 மீட்டர் தொலைவில் இருக்கும்போது வேகம் 43 கி.மீ. இருக்க வேண்டும், 50 மீட்டரில் 30, 20 மீட்டரில் 19. இந்த மூன்று எண்களும் மனதில் இருந்தால் வேகமானியை ஒரு பார்வை பார்த்தே போக்குத் தெரிந்துவிடும். 50 மீட்டரில் 25 கி.மீ.தான் இருக்கிறதென்றால் இப்படியே விட்டால் வண்டி 16 மீட்டர் முன்னதாகவே நின்றுவிடும், ஒரு படி தளர்த்த வேண்டும். அதே இடத்தில் 35 இருந்தால் பிரேக் 0.95 அளவுக்கு ஏறவேண்டும். நிறுத்தத்தான் முடியும், உள்ளே நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள். இதைத் தவிர்க்கத்தான் தொடக்கத்திலேயே நடுத்தர அளவில் பிடித்து, மேலும் ஒன்றிரண்டு படிகளைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது. முழு பிரேக்கும் முன்பே செலவாகிவிட்டால் பிழையைத் திருத்த எதுவும் மிஞ்சாது.

நான்காவதுதான் கைத்திறன் என்று நாம் கருதுவது: விடுவது. நிற்கப்போகும் வண்டியில் பிரேக்கைக் கூட்டக்கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். 20 கி.மீ. வரும்போது ஒரு படி, 10 வரும்போது இன்னொரு படி, கடைசி ஓரிரு மீட்டரில் மிகக் குறைந்த அளவில் பிரேக் ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். வார்ப்பிரும்புக் கட்டைகள் சக்கரத்தில் உரசும் பழைய வகை பிரேக்கில் வேகம் குறையக் குறையப் பிடி தானாகவே இறுகும். கைப்பிடியை அப்படியே விட்டால் கடைசி மீட்டரில் வண்டி கவ்விப் பிடித்தாற்போல நிற்கும். எந்த வகை பிரேக்கானாலும், நிற்கும் கணத்தில் வேகக் குறைவு சட்டென்று பூஜ்யமாகிவிடுவதால், அதுவரை முன்னால் சாய்ந்திருந்த உடல்கள் பின்னால் எறியப்படும். ஜன்னலோரப் பலகையில் வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். நல்ல டிரைவர் நிறுத்தும்போது தண்ணீர் ஒரு பக்கம் ஏறி, மெல்ல இறங்கி, சமநிலைக்கு வந்த பிறகே சக்கரம் நின்றது தெரியும். மோசமான நிறுத்தத்தில் தண்ணீர் இரண்டு பக்கமும் அடிக்கும்.

நின்றபின் பிரேக்கை மறுபடி இறுக்கிப் பிடித்துவிட்டுத்தான் கதவு. லேசான பிரேக்கில் விட்டால் சரிவில் வண்டி உருளும்.

கேள்வி: தொலைதூர விரைவு வண்டி சில நேரம் நடைமேடையில் ஊர்ந்து ஊர்ந்து வந்து நிற்கிறது. மின்சார வண்டி மட்டும் விர்ரென்று வந்து நிற்கிறதே?

பதில்: பிரேக் செய்தி போய்ச் சேரும் வேகம்தான் காரணம். மின்சார வண்டியில் கைப்பிடியின் ஆணை கம்பி வழியே எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்தில் போகிறது. எஞ்சின் இழுக்கும் வண்டியில் ஆணை காற்றின் வழியே போகிறது. வண்டியின் நீளம் முழுக்க ஓடும் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும். டிரைவர் அதை அரை கிலோ குறைத்தால் முதல் நிலை பிரேக். எஞ்சினுக்குப் பக்கத்துப் பெட்டி உடனே பிடிக்கும், கடைசிப் பெட்டி சில விநாடி கழித்துப் பிடிக்கும். விடும்போதும் அப்படியே, அதிலும் இன்னும் மெதுவாக. 60 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கையில் செய்த திருத்தம் வண்டியில் தெரிவதற்குள் இரண்டு பெட்டி தூரம் போயிருக்கும்.

அதனால் நீண்ட வண்டியின் டிரைவர் முன்கூட்டியே குறைத்து, ஒரே பிடிப்பில் வேகத்தைத் தணித்து, கடைசிப் பகுதியை ஊர்ந்து கடக்கிறார். திரும்பத் திரும்பப் பிடித்து விடுவது இங்கே ஆபத்து. பிரேக்குக்கான காற்றைச் சேமித்து வைக்கும் பெட்டிகளின் துணைத் தொட்டிகள் நிரம்ப நேரம் எடுக்கும், நிரம்புவதற்குள் மறுபடி பிடித்தால் எதிர்பார்த்த வலு இருக்காது. எஞ்சினின் தனி பிரேக்கை மட்டும் பிடித்து நிறுத்தப் பார்ப்பது இன்னொரு தவறு. எஞ்சின் நிற்கும், பின்னால் உள்ள பெட்டிகள் இணைப்பு இடைவெளி அளவுக்கு ஓடிவந்து ஒன்றன்மேல் ஒன்று இடிக்கும். மேல் படுக்கையில் இருப்பவர்களுக்கு அந்த இடி நன்றாகத் தெரியும்.

கேள்வி: கூட்டம் நிரம்பி வழியும் வண்டிக்கும் காலி வண்டிக்கும் பிரேக் தூரம் மாறாதா?

பதில்: மாற வேண்டியதுதான். ஆனால் புதிய வண்டிகளில் பெட்டியைத் தாங்கும் காற்றுப் பைகளின் அழுத்தத்தைக் கொண்டே எடை அளக்கப்படுகிறது. எடைக்குத் தக்கபடி பிரேக் வலுவும் தானாகக் கூடும். சுருள்வில் மட்டும் உள்ள பழைய பெட்டிகளில் இந்த வசதி பெரும்பாலும் இல்லை, டிரைவர்தான் உணர்ந்து சரிக்கட்ட வேண்டும். முதல் நிலையத்தில் பிடிக்கும்போதே வண்டி எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் வண்டி பலகையைத் தாண்டிப் போய்விடுவதைப் பார்க்கிறேன். பிரேக் நனைந்துவிடுகிறதா?

பதில்: பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான பிடிமானம்தான் போகிறது. இரும்பின்மேல் இரும்பு உருளும் இடம் ஒரு சிறு நாணயத்தின் அளவுதான். 0.7 அளவில் பிரேக் பிடிக்க, எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருந்தாலும், எடையில் சுமார் 7 சதவீதம் உராய்வாகக் கிடைக்க வேண்டும். காய்ந்த தண்டவாளம் அதைப்போல மூன்று மடங்கு தரும். இலைச்சருகு நசுங்கிப் பசையான தண்டவாளத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

இதில் பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு: கொட்டும் மழை அவ்வளவு மோசமில்லை, அது தண்டவாளத்தைக் கழுவிவிடும். தூறல் தொடங்கிய முதல் சில நிமிடங்களும் விடியற்காலைப் பனியும்தான் மோசம். துருவும் தூசியும் எண்ணெயும் கொஞ்சம் ஈரத்தோடு குழைந்து பசையாகிவிடும்.

சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கினால் சறுக்கல் தடுப்புக் கருவி அந்தச் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் ஒரு கணம் விட்டு, உருளவிட்டு, மறுபடி பிடிக்கும். அடியிலிருந்து ‘புஸ், புஸ்’ என்று காற்று விடும் ஓசை கேட்பது அப்போதுதான். கருவி இல்லாத வண்டியில் பூட்டிய சக்கரம் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும். அதன்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘தட், தட்’ என்று அடித்துக்கொண்டே ஓடும், பட்டறையில் கடைந்து எடுக்கும்வரை நிற்காது.

இப்படிப்பட்ட நாளில் செய்ய வேண்டியது, பாதி பிரேக்கோடு முன்னதாகத் தொடங்குவது. 0.35 அளவில் பிடித்தால் 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 397 மீட்டர் வேண்டும், வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு. முன் சக்கரங்கள் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டே போவதால் பின் சக்கரங்களுக்குச் சற்றுக் கூடுதல் பிடி கிடைக்கும். மென்மையாகத் தொடங்குவதன் பலன் அதுதான். மணல் தூவும் வசதி இருந்தால் வழுக்கத் தொடங்கும்போதே தூவ வேண்டும், மணல் காய்ந்திருக்க வேண்டும். நனைந்த மணல் குழாயிலேயே அடைத்துக்கொள்ளும். அவசர பிரேக்கை இழுப்பது பிடிமானத்தைக் கூட்டாது. இல்லாத உராய்வை எந்தக் கைப்பிடியும் தர முடியாது.

சரிவும் இப்படித்தான் கணக்கைக் கலைக்கும். நூற்றுக்கு ஒன்று இறக்கத்தில் அதே பிரேக்குக்கு 198 மீட்டர் 231 மீட்டராகும். ஏற்றத்தில் 174 போதும்.

கேள்வி: மெட்ரோவில் கண்ணாடிக் கதவுகளுக்கு நேராகவே வண்டியின் கதவு வந்து நிற்கிறது. அங்கே டிரைவருக்கு வேலை உண்டா? எத்தனை சென்டிமீட்டர்வரை தவறலாம்?

பதில்: வண்டிக் கதவு 1.3 மீட்டர் அகலம், நடைமேடைக் கதவு 2 மீட்டர் அகலம் என்றால் இருபுறமும் 35 சென்டிமீட்டர் மிச்சம். அதுதான் தவறக்கூடிய அளவு. மனிதக் கையால் இதைச் செய்ய முடியும். ஆனால் நாள் முழுக்க, ஒவ்வொரு நிலையத்திலும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று வரும்போது முடியாது. அதனால் கண்ணாடிக் கதவு வந்த இடங்களில் நிறுத்தும் வேலையைப் பெரும்பாலும் கருவி ஏற்கிறது.

கருவிக்கும் டிரைவருக்கு உள்ள அதே பிரச்சினைதான்: இன்னும் எவ்வளவு தூரம்? சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணித் தூரம் கணக்கிடுகிறது. 860 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒன்பது மில்லிமீட்டர் தேய்ந்திருந்து, அதைக் கணினியில் திருத்தாமல் விட்டிருந்தால் ஒரு சதவீதப் பிழை வரும். 200 மீட்டருக்கு இரண்டு மீட்டர், கதவுகள் பொருந்தவே பொருந்தாது. வழுக்கினாலும் எண்ணிக்கை கெடும். ஆகவே தண்டவாளங்களுக்கு நடுவே சில இடங்களில் தகடு போன்ற சிறு கருவிகளைப் பதித்திருப்பார்கள். வண்டி மேலே கடக்கும்போது ‘பலகைக்கு இன்னும் இவ்வளவு தூரம்’ என்ற செய்தி கிடைக்கும், சேர்ந்த பிழை துடைக்கப்படும். முதல் தகடு தொலைவில், அடுத்தது அருகில், கடைசித் தகடு நிற்கும் இடத்திலேயே. கடைசித் தகட்டின்மேல் நின்றதை உறுதி செய்தால்தான் கதவு திறக்க அனுமதி கிடைக்கும். கொஞ்சம் குறைவாக நின்றால் வண்டி தானாகவே ஊர்ந்து முன்னேறும், உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு சின்ன அசைவாகத் தெரியும்.

இன்னொரு நுணுக்கம். மின்மோட்டாரையே பிரேக்காகப் பயன்படுத்தி மின்சாரம் திருப்பி எடுக்கும் வண்டிகளில், வேகம் நடைவேகத்தை நெருங்கும்போது அந்தப் பிடி மங்கிவிடும். அப்போது காற்று பிரேக் பொறுப்பேற்க வேண்டும். கைமாறும் அந்த அரை விநாடியில் இரண்டும் சேர்ந்து பிடித்தால் குலுக்கும், இரண்டும் விட்டால் வண்டி நழுவும். கடைசி மீட்டரில் வரும் பிழைகளில் நிறைய இங்கேதான் பிறக்கின்றன. பராமரிப்பவர்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

இது புதிய ஆசை அல்ல. அன்று லெனின்கிராட் என்ற பெயரில் இருந்த நகரத்தின் மெட்ரோவில் 1961-இலேயே பார்க் பபேதி என்ற நிலையம் மூடிய சுவரும் அதில் கதவுகளுமாகக் கட்டப்பட்டது. வண்டி நேராக நிற்காவிட்டால் வெளியே வர வழியே இல்லை. லண்டனில் 1968-இல் திறந்த விக்டோரியா பாதையில் டிரைவர் கதவை மூடிப் பொத்தானை அழுத்துவார், ஓடி நிற்பது கருவியின் பொறுப்பு. சிங்கப்பூர் 1987-இல் சுரங்க நிலையங்களைக் கண்ணாடிக் கதவுகளோடே திறந்தது.

கேள்வி: தினமும் அதே பாதை, அதே நிலையம். அப்படியிருந்தும் பழகிய டிரைவர்கள் தவறான இடத்தில் நிறுத்துவது எப்படி?

பதில்: பழக்கம்தான் எப்படி என்பதற்குப் பதில். கைத்திறன் குறைந்து நேரும் பிழை வேறு, அது ஓரிரு மீட்டர். 60 மீட்டர் பிழை என்றால் டிரைவர் வண்டியின் நீளத்தை மறந்திருக்கிறார். வாரம் முழுக்க 9 பெட்டி ஓட்டிவிட்டு இன்று 12 பெட்டி ஓட்டுகிறார். கை மிக அழகாக, சென்டிமீட்டர் பிசகாமல் 9 என்ற பலகையில் நிறுத்தும். பின்னால் மூன்று பெட்டி நடைமேடைக்கு வெளியே இருக்கும்.

இதற்கு மருந்து நினைவாற்றல் அல்ல. வண்டியை ஏற்றுக்கொள்ளும்போதே பெட்டி எண்ணிக்கையை எழுதிக் கண்ணெதிரே வைப்பது, ஒவ்வொரு நிலையத்துக்கும் முன்னால் ‘அடுத்தது நிற்க வேண்டும், பன்னிரண்டு’ என்று வாய்விட்டுச் சொல்வது. ஜப்பானிய டிரைவர்கள் கால அட்டவணையை விரலால் தொட்டு, சிக்னலைக் கைநீட்டிக் காட்டி, சத்தமாகச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். கண், கை, வாய், காது நான்கும் ஒன்றைச் செய்யும்போது மனம் வேறெங்கும் போக முடியாது.

கேள்வி: நியூயார்க் ரயிலில் நடுப்பெட்டியிலிருந்து ஒருவர் தலையை நீட்டி எதையோ விரலால் சுட்டிக்காட்டுகிறார். வீடியோவில் பார்த்தேன். என்ன அது?

பதில்: நடைமேடையின் நடுவே, மேலே, கறுப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட ஒரு பலகை தொங்கும். வண்டி நின்றதும் நடுவில் உள்ள கண்டக்டர் அந்தப் பலகை தனக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்து, விரலால் சுட்டிக்காட்டிய பிறகே கதவைத் திறக்க வேண்டும். 1996 முதல் இது அங்கே விதி. டிரைவர் முன்பக்கப் பலகையைச் சரிபார்க்கிறார், கண்டக்டர் நடுப்பலகையைச் சரிபார்க்கிறார். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தால்தான் கதவு. ஒருவர் தவறினாலும் மற்றவர் பிடித்துவிடுவார். செலவே இல்லாத ஒரு காவல் இது.

கேள்வி: பலகையைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் பின்னால் எடுத்தால் என்ன? ஏன் அவ்வளவு நேரம் கதவைத் திறக்காமல் வைத்திருக்கிறார்கள்?

பதில்: பின்னால் எடுப்பதுதான் ரயிலில் மிகவும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். முன்கூண்டில் இருக்கும் டிரைவருக்குப் பின்னால் எதுவும் தெரியாது. சிக்னல் அமைப்பு, வண்டி முன்னேறுகிறது என்று நம்பிப் பின்னால் உள்ள பிரிவை அடுத்த வண்டிக்குக் கொடுத்திருக்கலாம். அதனால் வண்டி நின்றதும் கட்டுப்பாட்டு அறையோடு பேச வேண்டும். பின்பக்கம் காலி என்று அவர்கள் உறுதி சொல்ல வேண்டும். கார்டு இருந்தால் வால்பக்கம் நின்று பார்த்துச் சைகை கொடுக்க வேண்டும். அதன்பிறகே ஊர்ந்து பின்வாங்கலாம். சில பாதைகளில் இதற்கு அனுமதியே கிடையாது, அடுத்த நிலையத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அதுவரை கதவு மூடியே இருப்பது உங்கள் உயிருக்காக.

குறைவாக நிற்பது தாண்டுவதைவிட ஆபத்தானது என்பது நம் கருத்து. இரண்டு மீட்டர் தாண்டினால் டிரைவரின் கூண்டு மட்டும் வெளியே போகும், யாரும் இறங்க மாட்டார்கள். முன்னதாக நின்றுவிட்டால் கடைசிப் பெட்டியின் கதவுகள் தண்டவாளத்தின்மேல் திறக்கும். இரவில், தூக்கக் கலக்கத்தில், கதவு திறந்தால் நடைமேடை இருக்கிறது என்று நம்பிக் கால் வைப்பவர் மீட்டருக்கும் மேலான ஆழத்தில் விழுவார். குறைவாக நின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் கதவுப் பொத்தானைத் தொடாமல், சிக்னலைப் பார்த்து, முதலில் வண்டியை முன்னால் நகர்த்த வேண்டும்.

தாண்டிப் போனதைக் குற்றமாக நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2005 ஏப்ரல் 25 அன்று ஜப்பானில் நடந்தது சாட்சி. இட்டாமி நிலையத்தில் ஓர் இளம் டிரைவர் சுமார் 72 மீட்டர் தாண்டி நின்றார். பின்வாங்கி, பயணிகளை ஏற்றிப் புறப்பட்டபோது ஒரு நிமிடத்துக்கும் மேல் தாமதம். அடுத்து அமகசாகிக்கு முன்னால் 70 கி.மீ. மட்டுமே அனுமதிக்கப்பட்ட வளைவில் வண்டி சுமார் 116 கி.மீ. வேகத்தில் நுழைந்து தடம்புரண்டு ஒரு குடியிருப்புக் கட்டிடத்தில் மோதியது. டிரைவரையும் சேர்த்து 107 பேர் இறந்தார்கள். தாண்டிய தூரத்தைக் குறைத்துச் சொல்லும்படி கண்டக்டரிடம் கேட்டிருந்தார். கண்டக்டர் அதைக் கட்டுப்பாட்டு அறையிடம் என்ன சொல்கிறார் என்று கேட்பதில் கவனம் போய் பிரேக் தாமதமாகியிருக்கலாம் என்றும், தவறு செய்தவர்களுக்குத் தரப்பட்டு வந்த கடுமையான தண்டனைப் பயிற்சியைப் பற்றிய அச்சம் அதற்குப் பின்னால் இருந்திருக்கலாம் என்றும் விசாரணை சொன்னது. பலகையைத் தாண்டிய 72 மீட்டரால் ஒருவருக்கும் காயமில்லை. அதை மறைக்கவும் ஈடுகட்டவும் வேண்டியிருந்ததுதான் அத்தனை உயிரையும் எடுத்தது. டிரைவர் தாண்டிவிட்டேன் என்று தயங்காமல் சொல்லவும், தாமதத்தோடு நிதானமாக அடுத்த நிலையத்துக்குப் போகவும் இடம் தரும் நிர்வாகத்தில்தான் பயணி பாதுகாப்பாக இருக்கிறார்.

கேள்வி: இந்தப் பலகைகளைப் பார்த்து நான் ஏறவேண்டிய பெட்டி எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: ஒரே வகைப் பெட்டிகள் ஓடும் பாதையில் முடியும். வரப்போவது எத்தனை பெட்டி வண்டி என்பது தெரிந்தால் அந்த எண்ணுள்ள பலகையைக் கண்டுபிடியுங்கள். டிரைவர் அங்கே நிற்பார். அங்கிருந்து வண்டி வரும் திசையை நோக்கி, ஒரு பெட்டிக்கு 20 மீட்டர் வீதம், சாதாரண நடையில் ஏறக்குறைய 27 அடி எடுத்துவைத்து எண்ணிக்கொண்டே போங்கள். நான்காவது பெட்டியின் நடுப்பகுதி வேண்டுமென்றால் 70 மீட்டர். ஒரு முறை கதவு நின்ற இடத்தை நடைமேடைத் தூணோடு பொருத்திப் பார்த்துக்கொண்டால், மறுமுறை எண்ண வேண்டியதில்லை.